கேன்வஸ் ஓரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?

மாணவர்களே, பள்ளி அறிவியல் வாரத்துக்குக் கணினியில் ஒரு சுவரொட்டி தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை அதில் சேர்க்கிறீர்கள். படத்தின் இடது மேல் மூலையில் நண்பரின் அடையாள அட்டை தெரிகிறது. உடனே படத்தை இடப்பக்கமாக மேலே நகர்த்துகிறீர்கள். அட்டை ஓரத்தைத் தாண்டி மறைகிறது. கோப்பைச் சேமித்து, குழுவில் உள்ள அனைவருக்கும் அனுப்பிவிடுகிறீர்கள். அந்த அட்டை உண்மையிலேயே போய்விட்டதா?

விடை காண, கேன்வஸ், லேயர் ஆகிய இரண்டையும் அறிந்துகொள்ள வேண்டும். கேன்வஸ் என்பது சுவரொட்டியின் எல்லை. அதை ஒரு சன்னல் சட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். லேயர் என்பது அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நகரும் படத்தாள். தாள், சட்டத்தைவிடப் பெரியதாக இருக்கலாம்.

கேன்வஸ் 1000 × 800 பிக்சல் என்றால் மொத்தம் 800,000 பிக்சல்கள். உங்கள் படம் 4000 × 3000 என்றால் 12,000,000 பிக்சல்கள். ஆகவே, படத்தில் பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே சன்னல் வழியே தெரியும். மீதி பதினான்கு பங்கும் வெளியே இருக்கிறது.

மென்பொருள் இதை எப்படிக் கணக்கிடுகிறது? கேன்வஸின் இடது மேல் மூலை (0, 0). வலப்பக்கம் சென்றால் முதல் எண் கூடும். கணிதப் பாடத்தின் வரைபடத்துக்கு மாறாக, கீழே சென்றால் இரண்டாம் எண் கூடும். லேயரின் மூலையை (−500, −300) என்ற இடத்துக்கு நகர்த்தியதாகக் கொள்வோம். லேயரில் (600, 400) என்ற இடத்தில் உள்ள பிக்சல், கேன்வஸில் (100, 100) என்ற இடத்துக்கு வரும், அது தெரியும். அடையாள அட்டை லேயரில் (200, 100) என்ற இடத்தில் இருந்தால், அது (−300, −200) என்ற இடத்துக்குப் போகும். எதிர்மறை எண் என்பதால் திரையில் வராது.

நகர்த்தும்போது மாறியவை லேயரின் இருப்பிடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் மட்டுமே. பிக்சல் எதுவும் அழியவில்லை. பிறகு மனம் மாறிப் படத்தை வேறு இடத்தில் வைக்க விரும்பினால் உதவும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

கிம்ப் மென்பொருளின் எக்ஸ்.சி.எஃப். கோப்பும், ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பும் லேயரை முழுமையாகச் சேமிக்கின்றன. கோப்பைப் பெற்றவர் கிம்ப்பில் ‘ஷோ ஆல்’, ஃபோட்டோஷாப்பில் ‘ரிவீல் ஆல்’ என்ற கட்டளையை அழுத்தினால் போதும், அட்டை மீண்டும் கண்முன் நிற்கும். ஃபோட்டோஷாப்பில் படத்தை வெட்டினாலும், ‘டிலீட் கிராப்ட் பிக்சல்ஸ்’ என்ற கட்டத்தில் குறியிடாவிட்டால் வெட்டிய பகுதி கோப்பிலேயே தங்கும்.

பி.என்.ஜி. அல்லது ஜே.பெக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் கேன்வஸுக்குள் இருப்பது மட்டுமே செல்லும். இதிலும் மென்பொருள் சரியாக இயங்க வேண்டும். கூகல் பிக்சல் கைப்பேசிகளின் ‘மார்க்அப்’ செயலியில் இருந்த பிழை ஒன்று 2023-இல் வெளிவந்தது. வெட்டிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிய அச்செயலி, எஞ்சிய பழைய தரவை நீக்கத் தவறியது. அதிலிருந்து வெட்டப்பட்ட பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. பின்னர் அப்பிழை திருத்தப்பட்டது.

ஆகவே, பிறரின் அடையாள எண், முகவரி போன்றவை படத்தில் இருந்தால் ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்தப் பிக்சல்களை அழித்துவிட்டு, ஏற்றுமதி செய்த படத்தை மட்டும் அனுப்புங்கள்.

செய்து பாருங்கள்: லேயரின் மூலை (−1200, −500) என்ற இடத்தில் உள்ளது. லேயரில் (2000, 900), (1500, 1400) ஆகிய இடங்களில் உள்ள இரு பிக்சல்களில் எது மேற்கண்ட கேன்வஸில் தெரியும்?

விடை: முதலாவது (800, 400) என்ற இடத்துக்கு வருவதால் தெரியும். இரண்டாவது (300, 900) என்ற இடத்துக்குச் சென்று, கீழ் ஓரத்தைத் தாண்டிவிடுகிறது, தெரியாது. ஆனாலும், அது கோப்பில் இருக்கிறது!