ஓர் ஆழாக்கு எத்தனை மில்லி?

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஷிஃப்டுக்கு நடுவே சமைப்பவர்களுக்கு அம்மா போனில் சொல்லும் கணக்கு ஆழாக்கு. யூடியூபில் வருவது கப். மளிகைக் கடையில் கிலோ.

ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. அன்றாடச் சமையலுக்கு இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். வீடியோக்களில் சொல்லும் கப் பெரும்பாலும் 240 மில்லி, ஏறக்குறைய ஒன்றரை ஆழாக்கு. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15.

எடையில்தான் பலரும் தவறுகிறார்கள். அதே 240 மில்லி கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம் பிடிக்கும். மைதா 120, 130 கிராம்தான். அழுத்தி நிரப்பினால் இன்னும் ஏறும். திருப்பூரில் பின்னல் துணியை கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். இழுத்தால் நீளம் மாறும், எடை மாறாது. மாவுக்கும் அதே நியாயம். கேக் செய்வதானால் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

இட்லிக்குத் தராசு வேண்டாம். 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து. இரண்டையும் ஒரே டம்ளரால் அளந்தால் போதும்.

கல் உப்புக்குப் பதில் தூள் உப்பு போட்டால், ஸ்பூனில் அது நெருக்கமாக அமரும். கொஞ்சம் குறைத்தே போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.