பாணிப் போத்தலின் பெயரைக் காத்தல்

கித்துல்கலப் பகுதியில் கித்துள் பாணி காய்ச்சுவோர் சரக்கின் தூய்மையுடன் அதன் பெயரையும் பேணுதல் வேண்டும். நற்பெயர் பெற்ற போத்தலின் பெயரைச் சீனிப்பாகு விற்பவனும் ஒட்டிக்கொள்ளக் கூடும். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இதற்கு நல்ல உதாரணம். கலப்பில்லாத இலங்கைத் தேயிலையை இலங்கையிலேயே பொதி செய்தால்தான் அவ்விலச்சினையைப் பொறிக்கலாம்.

‘கித்துள் பாணி’ என்பது பொதுப்பெயர். அதனை ஒருவர் தமக்கே உரித்தாக்க இயலாது. ஆதலின் தனிப்பெயரொன்றைத் தெரிந்து, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்க. பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இணையத்தில் விற்போர் அப்பெயரிலேயே ‘.எல்கே’ முகவரியையும் பெறுக. எனினும் முகவரி பெறுவது குறிப் பதிவுக்கு ஈடாகாது.