பிள்ளை யாருக்கு உரியது?



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் செகந்தராபாத் சகோதரி ஒருவர் எழுந்து, "பெற்றவள் நான். என் மகனை இப்படித்தான் வளர்க்கவேண்டுமென்று சர்க்கார் சொல்லலாமா, ஐயா?" என்று வினவினார். அன்று நேரமின்மையால் இரண்டொரு வார்த்தைகளில் விடை கூறி அமர்ந்தேன். அதனை விரித்துரைப்பதே இப்பாடம்.

விநயபிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு வரலாறு உளது. பகவான் கபிலவஸ்துவுக்கு எழுந்தருளியபோது, சிறுவன் இராகுலன் தாய் சொற்படி அவரைப் பின்தொடர்ந்து சென்று தன் பிதுரார்ஜிதத்தைக் கேட்டான். பகவான் சாரிபுத்தரை அழைத்து அவனுக்குத் துறவளிக்கச் செய்தார். பாட்டனார் சுத்தோதனர் துடித்துப்போனார். மகன் போனான், இளைய மகன் நந்தனும் போனான், இப்போது பேரனும் போனான். அம்முதியவர் பகவானை அணுகி ஒரு வரம் கேட்டார். இராகுலனைத் திருப்பித் தருமாறு அவர் கேட்கவில்லை. இனி எந்தப் பிள்ளையையும் தாய் தந்தையர் சம்மதமின்றித் துறவில் சேர்க்கலாகாது என்பதே அவர் வேண்டுகோள். பகவான் அதனை ஏற்றுச் சங்கத்துக்கு விதியாக்கினார்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அழைத்தவர் புத்தர், அவரே அப்பிள்ளையின் தந்தையுமாவார். அழைத்ததோ துக்க நிவாரண மார்க்கத்துக்கு. அத்தகைய சங்கமே பெற்றோர் வாயிலில் நின்று கேட்ட பின்னரே பிள்ளையை அழைக்கவேண்டுமென்றால், மற்ற அதிகாரங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி அவர்கள் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டத்தைப் புகுத்தினார். பள்ளிப் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய வேளையில் பிள்ளை தன் பெற்றோர் தொழிலைப் பழகவேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத குறைக்கு இரண்டு வேளை முறை பரிகாரமாகும் என்று காரணம் கூறப்பட்டது. அக்குறை மெய்யே. ஆயினும் தோல் பதனிடுவோன் மகன் பிற்பகலில் எங்கே போய் நிற்பான்? எதிர்த்தோர் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். பெரியார் பெருங்கிளர்ச்சி நடத்தினார். 1954-இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

'சிகாலோவாத சூத்திரத்தில் பிள்ளைக்குத் தொழில் பயிற்றுதல் பெற்றோர் கடமை என்றுள்ளதே' என்று ஒருவர் கேட்கலாம். ஆம், உளது. தீமையினின்று விலக்கல், நன்மையில் நிறுத்தல், தொழில் பயிற்றல், தக்க துணையைத் தேடித் தரல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் என ஐந்து கடமைகள் கூறப்பட்டுள்ளன. தந்தையின் தொழிலையே பயிற்றுக என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. பயிற்றுவோர் பெற்றோரேயன்றி அரசர் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.

சுத்தோதனர் பெற்ற வரத்தை ஒத்த ஒன்று நம் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது. 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவிப்பணமோ பெறும் பள்ளியில் எவரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தலாகாது. சிறுவராயின் காப்பாளர் சம்மதம் வேண்டும். என் மகள் படித்த பள்ளியில் அவளை நாள்தோறும் பூஜையில் நிறுத்தியபோது, இந்த உட்பிரிவைத்தான் என் அரைகுறைத் தெலுங்கில் எழுதி அனுப்பினேன். மறு வாரமே அவளுக்கு விலக்களித்தார்கள். நம்மவர் பலர் இதனை அறியாமலே வாய்மூடி இருக்கின்றனர்.

ஆனால், சகோதரி, இதற்கு மறுபக்கமும் உண்டு. சூத்திரத்தில் உள்ளவை கடமைகள். கடமையைச் செய்வதற்காகவே பெற்றோருக்கு உரிமை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை ஏதும் அதில் விதிக்கப்படவில்லை. இது நன்றென்றே கருதுகிறேன். நம் ஐதராபாத்துக்கு அருகே ரங்காரெட்டி மாவட்டத்தில், பேராசிரியர் சாந்தா சின்ஹா அவர்களின் எம்.வி. பவுண்டேஷன் 1990-களில் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணர்ந்ததும் பெற்றோரிடம் பேசிப் பேசித்தான். வறிய பெற்றோருக்கும் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஆசை உண்டு என்பதை அவ்வூழியர்கள் கண்டனர்.

யான் பன்னிரண்டாம் வயதில் பள்ளியை விட்டுத் தறிக்கொட்டகையில் நூல் சுற்ற உட்கார்ந்தவன், பின்னரே ஆலை. என் தந்தையாரைக் குறை கூறேன். அன்று வீட்டில் அடுப்பெரிய அந்தக் கூலி வேண்டியிருந்தது. ஓர் அதிகாரி வந்து என் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்றிருந்தால், என் தந்தையார் நிச்சயம் சண்டைக்குப் போயிருப்பார். ஆனால் யான் மகாவக்கத்தை நாற்பதாம் வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்திராது.