வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு

"உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?"

இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் "பள்ளிக்கூடத்தில்" என்போம். சில வீடுகளில் பதில் வேறு. "வீட்டில்தான் இருக்கிறது" என்பார்கள்.

வீட்டில் இருப்பது வேறு. வீட்டில் படிப்பது வேறு. இந்தப் பாடத்தில் அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம்.

நம் எல்லை ஊர்கள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை. இவை பாலக்காடு மாவட்டத்தின் எல்லை ஊர்கள். மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி. இவை இடுக்கி மாவட்டத்து ஊர்கள். இங்கெல்லாம் தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறோம். தேயிலை கிள்ளுகிறோம். ஏலக்காய் பறிக்கிறோம். தோப்பில் வேலை செய்கிறோம்.

இங்கே சில பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. காரணம் ஒன்றல்ல.

பள்ளி தொலைவில் இருக்கிறது. வழியில் காடு, யானை.
வேலை தேடி அப்பா அம்மா ஊர் மாறுகிறார்கள்.
வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி.
பிள்ளைக்கு நடக்க முடியவில்லை.
தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

பரம்பிக்குளத்தைப் பாருங்கள். அது கேரளத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி போகும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றி வருகிறது. இடமலக்குடியைப் பாருங்கள். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. 2010-ல் உருவானது. முதுவர் மக்களின் குடிகள் அங்கே காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

மலையேறி வந்த பள்ளி

இத்தகைய இடங்களுக்காக 1990-களின் பிற்பகுதியில் கேரளத்தில் ஒரு வழி கண்டார்கள். ஒரே ஆசிரியர். ஒரே அறை. ஒன்று முதல் நான்கு வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். இதை ஓராசிரியர் பள்ளி என்று சொன்னார்கள். பள்ளி பிள்ளையைத் தேடிப் போனது.

2022-ல் இந்தப் பள்ளிகளை மூட அரசு முடிவு செய்தது. பிள்ளைகள் பெரிய பள்ளியில் சேர வேண்டும் என்றது. பெரிய பள்ளியில் ஆசிரியர் அதிகம், வசதியும் அதிகம். அது நல்லதுதான். ஆனால் பாதை இல்லாத குடியில் ஒரு தாய்க்கு இரண்டே வழி மிஞ்சுகிறது. ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட வேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் மனம் என்ன பாடுபடும்? அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. பக்கத்தில் பள்ளி இருக்கச் செய்வது அரசின் கடமை. கடமை இரு பக்கமும் இருக்கிறது. இதை மறக்கக் கூடாது.

இன்னும் சில செய்திகள்:

டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.
படிப்பு நின்றுபோன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் தர வேண்டும்.
தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்க வேண்டும். வேலைக்காக வந்த குடும்பத்தின் பிள்ளையையும் சேர்க்க வேண்டும்.

2012-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். கடுமையான ஊனமோ, பல வகை ஊனமோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று சேர்த்தார்கள்.

ஓர் உரையாடல்

லயத்தில் ஒரு பாட்டியும் எழுத்தறிவுத் தொண்டரும் பேசிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி: டீச்சரம்மா, என் பேத்திக்கு ஒன்பது வயசு. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வாயும் சரியாப் பேச வராது. இவளுக்கு எதுக்குப் படிப்புன்னு கேக்கிறாங்க.

தொண்டர்: அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை பாட்டி. பேரைப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்களா?

பாட்டி: போகாத பிள்ளைக்குப் பேர் எதுக்கு?

தொண்டர்: பேர் இருந்தால்தான் புத்தகம் வரும். பேர் இருந்தால்தான் ஆசிரியர் வருவார். பி.ஆர்.சி. என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவார்கள்.

பாட்டி: அவ பள்ளிக்குப் போகவே முடியாதுன்னு எழுதி வாங்கிடுவாங்களோ?

தொண்டர்: இல்லை பாட்டி. வீடா, பள்ளியா என்று முடிவு செய்வது நீங்கள்தான். "இந்தப் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பள்ளி தள்ளிவிட முடியாது. சக்கர நாற்காலி கிடைத்து, சரிவுப் பாதை போட்டால் அவள் பள்ளிக்கும் போகலாம்.

பாட்டி: அப்ப நாளைக்கே பேர் குடுக்கணும்.

விரும்பி வீட்டில் கற்பிப்போர்

சில பெற்றோர் தாங்களே விரும்பி வீட்டில் கற்பிக்கிறார்கள். நம் அட்டப்பாடியிலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதியர் 1980-களில் அகளிப் பகுதியில் 'சாரங்' என்ற மாற்றுப் பள்ளியைத் தொடங்கினார்கள். மண்ணிலும் மரத்திலும் வேலை செய்துகொண்டே பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

உலக நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன? ஜெர்மனி அனுமதிப்பதில்லை. பிள்ளை பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் அனுமதிக்கின்றன. விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பின்லாந்து நடுவழியில் போகிறது. வீட்டில் கற்பிக்கலாம். ஆனால் பிள்ளை கற்கிறதா என்று உள்ளூர் நிர்வாகம் கவனிக்கும்.

நம் நாட்டுச் சட்டத்தில் விரும்பி வீட்டில் கற்பிப்போருக்கென்று தெளிவான விதி இல்லை. அனுமதி கேட்க ஓர் இடம் இல்லை. உதவி கேட்கவும் இடம் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1989-ல் தொடங்கியது இது. 14 வயது நிரம்பியவர் இதன் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பள்ளியில் சேர்ந்து படித்திருக்க வேண்டியதில்லை.

2020 ஜூனில் கொரோனாக் காலத்தில் என்ன நடந்தது? எல்லார் வீடும் பள்ளியானது. விக்டேர்ஸ் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. டிவியும் போனும் இல்லாத வீட்டில் பாடம் நின்றது. மலையில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேடு ஏறினார்கள். "வீட்டிலேயே படி" என்று சொன்னால் போதாது, உதவியும் வேண்டும் என்பதை அந்த நாட்கள் நமக்குக் காட்டின.

கண்காணிப்பும் வேண்டும், உதவியும் வேண்டும்

"வீட்டில் படிக்கிறது" என்று சொல்லிவிட்டு ஏலக்காட்டுக்கு அழைத்துப் போனால் அது படிப்பல்ல. அது குழந்தை உழைப்பு. அதனால் யாராவது வந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மிரட்ட வரக் கூடாது. கைகொடுக்க வர வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.
2. ஓர் ஆசிரியர் குறித்த நாளில் வீட்டுக்கு வர வேண்டும். தமிழ் பேசும் வீட்டுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியர் வர வேண்டும்.
3. பாடப் புத்தகமும் மதிய உணவுப் பங்கும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.
4. தேர்வைத் தாய்மொழியில் எழுத வழி வேண்டும்.
5. குடும்பம் எல்லை தாண்டினால், பிள்ளையின் விவரம் இரண்டு மாநிலத்திலும் கிடைக்க வேண்டும்.

தாய்மொழியில் கேட்பது சலுகை அல்ல. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலம் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவே சொல்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். அங்கே போங்கள். எழுந்து பேசுங்கள். பேசியதை எழுதியும் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அதில் பாதிப் பேர் பெண்கள். அந்த இடம் உங்களுடையது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு இல்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள்:

"வார்டு மெம்பர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் லயத்தில் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் ....... பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு ஆசிரியர் வர ஏற்பாடு செய்ய வேண்டும். இப்படிக்கு, ......."

கைநாட்டு வேண்டாம். உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.

படியுங்கள்: உரிமை, கடமை, பதிவேடு, திருத்தம், கண்காணிப்பு, தாய்மொழி.

பேசுங்கள்:

1. உங்கள் ஊரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் என்ன காரணம்?
2. விடுதியா, வீடா? ஆறு வயதுப் பிள்ளைக்கு எது நல்லது? இரண்டு அணியாகப் பிரிந்து பேசுங்கள்.
3. பாட்டியின் இடத்தில் நீங்கள் இருந்தால் முதலில் எங்கே போவீர்கள்?