ஹெல்பருக்கு எது இடம்

கேரளத்து அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு டிசி வாங்கப் போனவர்கள் ‘சம்பூர்ணா’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். திருவனந்தபுரம் பூஜப்புரையிலிருந்து இயங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், மாநிலத்தின் 15,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கொண்டுபோன மாணவர் பதிவு மென்பொருள் அது. அந்தத் திட்டம்தான் 2017-இல் ‘கைட்’ ஆனது. சம்பூர்ணாவின் அடித்தளம் ஃபெடெனா: ஃபொரேடியன் டெக்னாலஜீஸ் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்ட பள்ளி நிர்வாக மென்பொருள். கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய எஃப்எஸ்எஃப் 2001-இல் தொடங்கப்பட்ட ஊர் திருவனந்தபுரம் என்பதால், அரசு மென்பொருளின் அடித்தளத்தை யாரும் பிரித்துப் படிக்கலாம் என்பது இங்கே யாருக்கும் அதிசயமில்லை.

படிப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதுதான். வருகைப் பதிவு, தேர்வு, கட்டணம், கால அட்டவணை என்று பள்ளி மென்பொருளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், “உள்ளே வந்திருப்பவர் யார், இதைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டா?” என்று கேட்டாக வேண்டும். ரெயில்ஸில் இதற்கான மெத்தடை அப்ளிகேஷன் கன்ட்ரோலரில் எழுதி, ‘ஹெல்பர் மெத்தட்’ என்று ஒரு வரி போட்டால் போதும், வியூவும் அதையே கூப்பிடலாம். தலைமையாசிரியருக்குத் தெரியும் ‘நீக்கு’ பட்டன் வகுப்பாசிரியருக்குத் தெரியாது. ஆனால் பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. முகவரியை நேரடியாகத் தட்டி வருகிறவரைக் கன்ட்ரோலர்தான் தடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மெத்தட் பதில் சொல்கிறதா என்பதுதான் முக்கியம். தனித்தனியாக எழுதினால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

ஹெல்பர் ஃபைல்களில் இருக்கும் பொறி வேறு. ரெயில்ஸ் 2.3 காலத்தில் ‘ஹெல்பர் ஆல்’ என்ற வரி தானாகவே எழுதப்பட்டு வந்தது. 3.0 முதல் அந்த வரி இல்லாமலே அதுதான் வழக்கம். வருகைக்கு ஒரு ஃபைல், கட்டணத்துக்கு ஒரு ஃபைல் என்று பார்வைக்குத் தனித்தனியாக இருந்தாலும், எல்லா வியூவுக்கும் எல்லா ஹெல்பரும் போய்ச் சேரும். டெக்னோபார்க்கில் நான் இருந்த ஒரு குழுவில், கட்டண ரசீதில் ‘நிலுவை’ வர வேண்டிய இடத்தில் ‘ஆப்சென்ட்’ என்று வந்தது. இரண்டு ஹெல்பர்களிலும் ‘ஸ்டேட்டஸ் லேபிள்’ என்றே மெத்தட் இருந்தது. பின்னால் சேர்ந்தது ஜெயித்தது. எரர் கிடையாது, லாகிலும் ஒன்றுமில்லை. எல்லா ஹெல்பரையும் சேர்க்காதே என்று கான்ஃபிகில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பழைய அப்ளிகேஷனில் அதை நடுவில் செய்தால் எந்த பார்ஷியல் எதை நம்பி இருந்தது என்று தேடுவதே வேலையாகிவிடும். பெயரின் முன்னால் ‘ஃபீ’, ‘அட்டெண்டன்ஸ்’ என்று சேர்ப்பது அழகில்லை, ஆனால் இரவில் தூங்கலாம்.

ரூபாய்க் கணக்கு இன்னும் நல்ல பாடம். ரெயில்ஸ் கொடுக்கும் எண் ஹெல்பர் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறை 123,456 என்று காட்டும். நம் ரசீதில் 1,23,456 என்று வர வேண்டும். இன்றைய ரெயில்ஸில் ‘டிலிமிட்டர் பேட்டர்ன்’ என்ற ஆப்ஷனில் ஒரு ரெகெக்ஸ் கொடுத்தால் வேலை முடிந்தது. அதை அப்ளிகேஷன் ஹெல்பரில் போடுவார்கள். அந்த ஃபைல்தான் பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகளின் பரண்.

அடுத்த வாரம் பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பேக்ரவுண்ட் ஜாப் அதே வடிவத்தைக் கேட்கும். அங்கே வியூ இல்லை. உடனே யாராவது அப்ளிகேஷன் ஹெல்பரை அப்படியே மாடலுக்குள் இன்க்ளூட் செய்வார்கள். ரூபாயோடு சேர்ந்து, லிங்க் போடும் மெத்தட்களும் ஐகான் வரையும் மெத்தட்களும் மாணவர் மாடலுக்குள் குடியேறும். அவற்றில் ஒன்றைத் தெரியாமல் கூப்பிட்டால், ‘லிங்க் டு’ எங்கே என்று கேட்டு விழும். அதற்காக ஆக்‌ஷன் வியூவையும் இழுத்து வருகிறவர்கள் உண்டு.

இதற்கு ரெயில்ஸே ஒரு வழி காட்டியிருக்கிறது. வியூவின் சொத்தாக இருந்த எண் வடிவமைப்பை, 2013-இல் வந்த 4.0-இல் ஆக்டிவ் சப்போர்ட்டுக்கு நகர்த்தினார்கள். நாமும் அதையே செய்யலாம். ரெக்வெஸ்ட், செஷன் எதையும் பார்க்காமல், எண்ணை வாங்கி எழுத்தைத் தருகிற மெத்தட் என்றால் அதற்குச் சாதாரண ரூபி மாட்யூல் போதும். ஹெல்பரில் அதைக் கூப்பிடும் ஒரு வரி மட்டும் இருக்கட்டும். டெஸ்ட்டும் நொடியில் ஓடும். மெயிலர் பக்கம் மட்டும் கவனம்: அதன் டெம்ப்ளேட்டுக்கு நம் ஹெல்பர்கள் தானாக வராது, எது வேண்டுமோ அதை மெயிலர் கிளாஸில் சொல்ல வேண்டும்.

மாணவர் பெயர் வேறு விவகாரம். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் எழுதுவார்கள். மலையாளப் பிள்ளைகள் பெரும்பாலும் பின்னால். வியூ எழுதுகிறவர் “ஒரே மாதிரி இருக்கட்டும்” என்று ஹெல்பரில் முன்பின் மாற்றினால், திரையில் ஒரு பெயரும் டிசியில் வேறு பெயரும் நிற்கும். சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதுதான் பெயர். அதனால் அந்த மெத்தட் மாடலில் இருக்க வேண்டும்.

உள்ளே வந்திருப்பவர் யார் என்று மாடலுக்குச் சொல்வதும் சிக்கல்தான். ஃபெடெனா பயன்படுத்திய ‘டிக்ளரேட்டிவ் ஆத்தரைசேஷன்’ ஜெம், நடப்புப் பயனரை த்ரெட்டில் வைத்து எங்கிருந்தும் எடுக்க வழி செய்தது. 2018-இல் வந்த ரெயில்ஸ் 5.2-இல் ‘கரன்ட் ஆட்ரிப்யூட்ஸ்’ என்று அதிகாரப்பூர்வமாகவே வந்தது. வசதிதான், ஆனால் ராத்திரி ஓடும் ஜாபுக்குப் பயனரே கிடையாது. பயனரை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. மெத்தட் சிக்னேச்சர் ஒரு சொல் நீளும், அவ்வளவே.

கன்ட்ரோலரிலிருந்து வியூ ஹெல்பரைக் கூப்பிட 5.0 முதல் ‘ஹெல்பர்ஸ்’ என்று எழுதினால் போதும். அது அடிக்கடி வரத் தொடங்கினால் அந்த மெத்தடை மாட்யூலுக்கு மாற்ற வேண்டிய நேரம். மாற்றி டெப்ளாய் செய்ததும் ஜாப் வொர்க்கர்களையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் திரையில் 1,23,456 என்றும், பெற்றோர் போனில் 123,456 என்றும் வரும்.