பயத்தின் கணக்கும் பதிவேட்டின் கணக்கும்



லாரியில் சரக்கு வந்து இறங்கினால், மூட்டையை எண்ணாமலும் எடை போட்டுப் பாராமலும் நம்மில் எவரும் கிட்டங்கியில் ஏற்றுவதில்லை. ஆனால் கைப்பேசியில் வந்து இறங்கும் செய்தியை மட்டும் எண்ணுவதுமில்லை, நிறுப்பதுமில்லை. வந்த வேகத்தில் பத்துப் பேருக்கு விநியோகம் செய்துவிடுகிறோம். களவு, கொள்ளை பற்றிய செய்தி என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் நானும் தவறு செய்தவன்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குற்றாலம் சீசன் நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. வேனில் ஒரு கும்பல் சுற்றுகிறது, இரவில் கடைப் பூட்டை உடைக்கிறது, ஏழு மணிக்கே அடைத்துவிடுங்கள் என்று ஒருவர் பதறிப் பேசினார். என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு நல்லது செய்வதாக எண்ணி, மூன்று குழுக்களுக்கு அதை அனுப்பினேன். சீசனில் அருவிக்குப் போய்த் திரும்புகிறவர்களால் இரவு பத்து மணி வரை வியாபாரம் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வியாபாரத்தை நான்கு நாள் இழந்தோம். ஐந்தாம் நாள் இரண்டு பேர் காவல் நிலையத்துக்குப் போய் விசாரித்தோம். அப்படி ஒரு புகாரே வரவில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து பதிவை மறுபடி நிதானமாகக் கேட்டேன். "டவுன்ஹால் பக்கம்" என்று அந்தக் குரல் சொல்கிறது. குற்றாலத்தில் ஏது டவுன்ஹால்? எந்த ஊரிலோ எப்போதோ பேசியது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அதே வாரத்தில் என் கடையில் உண்மையாகவே ஒரு களவு நடந்தது. ஒருவர் எண்ணெய் டின்னும் சீனி மூட்டையுமாக 18,400 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார். பணம் போய்விட்டதாகக் கைப்பேசித் திரையைக் காட்டினார். நம்பி ஏற்றி அனுப்பினேன். வங்கியில் அந்தப் பணம் வரவே இல்லை. வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று நான் புகாரும் கொடுக்கவில்லை. அதனால் அந்த 18,400 ரூபாய் இன்றுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரசுக் கணக்குப்படி அந்த வாரம் என் கடையில் குற்றமே நடக்கவில்லை.

ஊர்ப் பேச்சில் இருந்தது நடக்கவில்லை. நடந்தது கணக்கில் ஏறவில்லை. இந்த இரண்டையும் புரிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் எப்படி உருவாகிறது?

நாடு முழுவதுக்குமான குற்றக் கணக்கைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 1953ஆம் ஆண்டு தொடங்கி இக்கணக்கு உண்டு. நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: முதல் தகவல் அறிக்கை, அதாவது எப்.ஐ.ஆர். போட்டது மட்டுமே இதில் வழக்காக எண்ணப்படும். நாம் புகார் கொடுத்ததும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அது புகார் பெற்றதற்கான சான்று மட்டுமே. பில் போடாத விற்பனை பேரேட்டில் ஏறாததைப் போல, எப்.ஐ.ஆர். இல்லாத களவு குற்றக் கணக்கில் ஏறாது.

இரண்டு: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையானது மட்டும் எண்ணப்படும். கொலை செய்து நகையைப் பறித்தால் அது கொலைக் கணக்கில் போகும்.

மூன்று: விகிதம் என்பது ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்கு என்பதாகும். 10 லட்சம் பேர் உள்ள ஊரில் 200 களவு என்றால் விகிதம் 20. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் 50 களவு என்றால் விகிதம் 50. வழக்கு குறைந்த ஊரே விகிதத்தில் முன்னே நிற்கும்.

நான்கு: எண் தாமதமாக வரும். 2023ஆம் ஆண்டின் அறிக்கை 2025 செப்டம்பர் இறுதியில்தான் வெளிவந்தது. வதந்தி இரண்டு நிமிடத்தில் வரும், கணக்கு இரண்டு ஆண்டில் வரும். இடைப்பட்ட காலம் முழுவதும் வதந்தியின் ராஜ்யமே.

எண்ணையும் அப்படியே நம்பலாகாது

2020ஆம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டில் 13 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் பதிவாயின. முந்தைய ஆண்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. தமிழ்நாடு குற்றக் காடாகிவிட்டது என்று அப்போது பலர் படம் போட்டுப் பரப்பினார்கள். உண்மை என்ன? அது ஊரடங்கு ஆண்டு. அரசு உத்தரவை மீறியதாகப் போட்ட வழக்குகள் குவிந்தன. நாடு முழுவதும் அந்த ஒரு பிரிவில் மட்டும் 2019இல் 29,469 ஆக இருந்த வழக்குகள் 2020இல் 6,12,179 ஆயின. களவும் வீடு புகுந்து திருடுவதும் அதே ஆண்டில் குறைந்தன. கடை திறந்ததற்கும் வண்டியில் போனதற்கும் போட்ட வழக்குகள் சேர்ந்தே மொத்தத்தை ஏற்றின.

நம் எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 நகரங்களை அந்த அறிக்கை தனியே ஒப்பிடுகிறது. தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மட்டுமே அதில் உண்டு. மதுரையும் நெல்லையும் இல்லை. அதில் கொச்சி மிக அதிக விகிதமுள்ள நகரங்களுள் ஒன்றாகவும், கொல்கத்தா மிகக் குறைந்ததாகவும் வருகின்றன. புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் நம்மவர்கள் கொச்சியில் கால் வைக்கப் பயந்து பார்த்ததுண்டா? அங்கே சிறு சம்பவத்துக்கும் வழக்குப் பதிவாகிறது. குற்றம் பெருகுவதையும் வழக்குப் பதிவு பெருகுவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது.

மேலும், நகர விகிதத்துக்கு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையையே வகுக்கிறார்கள். நகரம் வளர்ந்திருக்கும், வகுக்கும் எண் வளரவில்லை. குற்றாலத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஊரில் குடியிருப்பவர் சில ஆயிரம் பேர். சீசனில் வந்து போகிறவர் லட்சக்கணக்கில். வந்தவர்களிடம் நடந்த களவை இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் குற்றாலம் பயங்கர ஊராகத்தான் தெரியும்.

இன்னொரு புதிய மாற்றமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த களவில், முதல் முறை பிடிபட்டவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை. இந்த வகையில் காவல்துறை நீதிமன்ற உத்தரவின்றித் தானாக விசாரணை தொடங்க முடியாது. ஆகவே சில்லறைக் கடைகளில் நடக்கும் சிறு களவுகள் இனி கணக்கில் குறைந்து தெரியக்கூடும். அதை வைத்துக் களவே குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம்.

அந்தக் காலம் அமைதியாக இருந்ததா?

குற்ற எண்களில் ஓரளவு நம்பத் தகுந்தது கொலைக் கணக்கு. களவை மறைக்கலாம், பிணத்தை மறைப்பது கடினம். 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 40,000 கொலைகள் பதிவாயின. 2022இல் 28,522. 2023இல் 27,721. இடையில் மக்கள்தொகை ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. அப்படியென்றால், நாம் வாலிபத்தில் கடை போட்ட காலத்தைவிட இன்று ஒருவர் கொல்லப்படும் வாய்ப்பு பாதிக்கும் கீழே வந்துள்ளது.

நம்ப முடியவில்லை, அல்லவா? எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. அக்காலத்தில் மதுரையில் நடந்த கொலை மறுநாள் நாளிதழில் ஐந்து வரியில் வரும். இன்று கேமராவில் பதிந்த காட்சி பத்து நிமிடத்தில் வருகிறது. அதே காட்சி பத்துக் குழுக்களில் வருகிறது. மனமோ பத்துக் கொலையாக எண்ணிக்கொள்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலின் முன் பட்டப்பகலில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது உண்மை, கொடுமை, சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. ஆனால் அதற்குப் பின் நெல்லைக்குக் கொள்முதலுக்குப் போகவே அஞ்சியவர்களை நான் அறிவேன். ஒரு சம்பவம் எவ்வளவு கொடியது என்பது வேறு. அது எத்தனை முறை நடக்கிறது என்பது வேறு.

வதந்தியின் விலை

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார்.

2023 மார்ச் தொடக்கத்தில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவை பொய்யானவை என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவர் போட்ட சண்டை. பீகார் அரசு அதிகாரிகள் நால்வரை அனுப்பி விசாரித்தது. முதல்வர் நெல்லை மாவட்டம் காவல்கிணற்றில் ஒரு தொழிற்சாலைக்கே போய்த் தொழிலாளர்களைச் சந்தித்துத் தைரியம் சொன்னார். ஆயினும் ஹோலிப் பண்டிகை நேரத்தில் ஆட்கள் ஊருக்குக் கிளம்ப, திருப்பூர், கோவை முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உண்மையில் நம்மைத் தாக்குவது எது?

வேனில் வரும் கும்பலைப் பற்றிப் பேசுகிறோம். கைப்பேசிக்குள் வரும் கும்பலைப் பற்றிப் பேசுவதில்லை. இணைய மோசடிகளில் நாட்டு மக்கள் இழந்ததாகப் புகார் வந்த தொகை 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! பொய்த் திரை காட்டுவது, கியூ.ஆர். அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டுவது, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவது எல்லாம் இந்த இனமே. இதில் இரத்தம் இல்லை, காட்சி இல்லை. அதனால் எவரும் பரப்புவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. களவுச் செய்தி வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் காவல் நிலைய எல்லை, நேரில் கண்டவர் யார்? நான்கில் ஒன்றுக்கும் விடை இல்லையெனில் உங்களோடு நிறுத்திவிடுங்கள். மக்களைப் பீதியடையச் செய்யும் பொய்ச் செய்தியைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 353ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

2. சந்தேகம் தீராவிட்டால் காவல் நிலையத்தில் கேளுங்கள். சங்கத்தின் சார்பில் ஒருவர் கேட்டு, விடையைக் குழுவில் போடுவது எல்லோருக்கும் எளிது.

3. இழப்பு நேர்ந்தால் வெட்கப்படாமல் புகார் கொடுங்கள். காவல்துறை தானே விசாரிக்கத்தக்க குற்றமாயின் எப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நகல் இலவசம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். களவுக் காப்பீடு எடுத்தவர்களுக்கும் இந்த நகலே ஆதாரம்.

4. இணையத்தில் பணம் போனால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குக்கு நகரும்.

5. வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே சரக்கை இறக்குங்கள்.

6. யாத்ரீகர், துணி வியாபாரி, வெளிமாநிலத் தொழிலாளி என்று வெளியூர்க்காரரைக் கண்டதும் சந்தேகிக்காதீர்கள். சீசனும் திருமலைக்கோவிலும் நமக்குக் கொடுக்கும் வியாபாரம் அவர்களால் வருவது.

குற்றமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. பூட்டு போடத்தான் வேண்டும். கேமரா வைக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கதவுக்குப் பூட்டுப் போடுவது என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமானால், நம் இழப்பை நாமே முதலில் பதிவு செய்ய வேண்டும். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!

– ஒரு மொத்த வணிகர், பண்பொழி