நீலகிரியில் மழைக்கு எந்தப் பக்கம், கேமராவுக்கு எந்தப் பக்கம்?

கேமராவும் கையுமாக ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் எந்த மாதம் என்று யோசிக்கிறார்கள்; மலையின் எந்தப் பக்கம் என்று யோசிப்பதில்லை. நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மேற்கே கொட்டித் தீர்க்கும். அக்டோபர் பிறந்தால் குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குச் சரிவின் முறை. ஒரு பக்கம் குடையை மடக்க முடியாத நாளில் மறுபக்கம் வெயில் அடிக்கலாம்.

ஆகவே ஜூலையில் கோத்தகிரிக்குப் போங்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு, அப்பால் சமவெளி. மேற்கே மழையை இறக்கிவிட்டு வரும் மேகங்கள் தலைக்கு மேல் ஓட, அவற்றின் நிழல் காய்ந்த காட்டின் மீது திட்டுத் திட்டாக நகரும். வெளிச்சம் விழும் திட்டு வேண்டிய இடத்துக்கு வரும்வரை காத்திருந்து எடுங்கள். காற்று பலமாக இருக்கும்; முக்காலியின் நடுக்கொக்கியில் கேமரா பையை மாட்டிவிடுவது நல்லது.

மழை எச்சரிக்கை வந்தால் மேற்குப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. நவம்பரில் கிழக்கே இதே எச்சரிக்கை தேவை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயில் ரத்தாவது அந்தப் பருவத்தில் வழக்கம்.

நீலகிரியின் அருமையான பருவம் டிசம்பரும் ஜனவரியும்தான். உறைபனிக் காலம். உயரம் கூடினால் பனியும் கூடும் என்று நினைத்து 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவுக்கு ஏறுகிறார்கள் பலர். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தங்கும். உறைபனி பிடிப்பது அங்கேதான்: தலைகுந்தாவின் புல்வெளி, காந்தல் பகுதியின் தாழ்வான நிலங்கள். சூரியன் எழுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். வெயில் பட்டால் சீக்கிரம் கரைந்துவிடும்.

புல்வெளி முழுவதையும் எடுத்த கையோடு குனிந்து ஒரு இலையைப் பாருங்கள். நரம்புகளைவிட விளிம்பில்தான் பனி தடித்திருக்கும், ஊசி ஊசியாக, கற்கண்டு ஒட்டியதுபோல. மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும். தள்ளி நின்று மேக்ரோ லென்ஸில் எடுங்கள். சூரியனை எதிரே வைத்து எடுத்தால் ஒவ்வொரு ஊசியும் மின்னும். வெள்ளைப் பரப்பைக் கண்டால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும்; எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

இந்தப் பருவத்திலேயே சோலைக்காட்டு ஓரங்களில் காட்டுப் பூவரசும் சிவப்பாகப் பூக்கத் தொடங்கும். பூவைப் பறிக்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள்.

மார்ச், ஏப்ரலில் தூரத்து மலைகள் புகைமூட்டத்தில் மங்கிவிடும். அப்போது முதுமலைக்கு இறங்கலாம். இலையுதிர்ந்த காட்டில் பார்வை தூரம் போகும். விலங்குகளும் தண்ணீர் தேடி வரும். காட்டுத்தீ அபாயம் இருந்தால் வனத்துறை சவாரியை நிறுத்திவிடும், விசாரித்துக்கொள்ளுங்கள். சாலையில் யானையைக் கண்டு காரைவிட்டு இறங்குவது எந்தப் படத்துக்காகவும் செய்யக்கூடாத காரியம். மே மாதம் மலர்க்கண்காட்சிக் கூட்டம். நிலக்காட்சி எடுக்க வருகிறவர்கள் தவிர்ப்பதே மேல்.

வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை உண்டு. காட்டுப் பகுதியில் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது. தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது அவர்களின் குடியிருப்புகளில், கேட்டுவிட்டுப் படமெடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். அவலாஞ்சிக் காட்டுக்குள் வனத்துறை வாகனத்தில்தான் போக முடியும் என்பதால் காலையிலேயே போய் இடம் பிடிப்பது நல்லது.